எட்டாம் நம்பர் மலை, பக்கம் 143

யோர்க்‌ஷயர், இங்கிலாந்து
25 ஜனவரி 1987

அன்புத் தங்கச்சி சிசிலிக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். பெப்ரவரியில் நான் வரவில்லை. என் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதறாதே. மலைகளைப் பற்றி எழுதியதில் ஒன்றும் குறை சொல்லவில்லை. முன்னால் இருக்கிற பொருளடக்கம் சரியில்லையாம். இங்கே பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். யாருடைய ஆய்வேடு வந்தாலும் முதலில் அடிமட்டத்தை எடுத்து ஓரத்து வெள்ளையை அளப்பார். பிறகு பொருளடக்கத்தில் ஏதாவது ஒரு தலைப்பின் மேல் விரலை வைத்து, அதில் போட்டிருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். என்னுடையதில் "மண்ணின் ஈரம், பக்கம் 61" என்று இருந்தது. 61ஆம் பக்கத்தில் மழைக் கணக்கு உட்கார்ந்திருந்தது. இன்னும் இரண்டைப் பார்த்தார், அவையும் பிழை. "இந்த முகவரியில் வேறு ஆள் குடியிருக்கிறார்" என்று சிரிக்காமல் சொல்லி, ஆய்வேட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

இதில் என் கொழுப்பும் கொஞ்சம் உண்டு. மற்ற எல்லாரும் டைப் அடிக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் கூடத்தில் உட்கார்ந்து, அச்சுக்கோக்கிற ஒரு புரோகிராமை நானே படித்து, நானே அடித்தேன். தலைப்புக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு "இது அத்தியாயம்", "இது உட்பிரிவு" என்று சொல்லிவிட்டால் போதும். நம்பர் போடுவது, பொருளடக்கத்தை அடுக்குவது, தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரிசையாகப் புள்ளி வைப்பது, எல்லாம் அதன் வேலை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அது செய்யவும் செய்கிறது. ஆனால் பிழையாகச் செய்கிறது, ஏனென்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் முப்பது கடைசித் தவணை. அதற்குப் பிறகு வாங்கமாட்டார்கள். அதற்குள் இதை ஒரு வழி பண்ணிவிடுவேன். கோபிக்காதே.

உன் அக்கா,
டோரீன்

*

டன்கோர்ட் தோட்டம், அக்கரப்பத்தனை
9 பெப்ரவரி 1987

அக்காவுக்கு,

முன்னால் "அன்புள்ள" என்று போடவில்லை, பார்த்திருப்பீர்கள். மறந்துபோய் விடவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை, உங்கள் உடம்புக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டதென்று பயந்தேன். மூன்றாம் தடவைதான் விளங்கியது, நீங்கள் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று. அப்பாவிடம் சொன்னேன். "லண்டன் வரைக்கும் போயி புள்ளியா வைக்கிறா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். போன மழையில் ஐந்தாம் நம்பர் மலையிலும் வெடிப்பு விட்டது, எட்டாம் நம்பர் மலையிலும் விட்டது. இரண்டுக்கும் அடியில் ஆட்கள் குடியிருக்கிற லயம் இருக்கிறது. தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடம் சங்கத் தலைவர் போய்க் கேட்டபோது என்ன சொன்னார்? "ரெண்டு லயத்தையும் தூக்க எனக்கு எடம் இல்ல. எந்த மலை சரிஞ்சு வரும்னு படிச்சவங்க சீல் வச்சிக் குடுக்கட்டும், அந்த லயத்த நான் மாத்துறேன்." அந்தச் சீலுக்காகத்தான் இந்தத் தோட்டமே உங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் பிள்ளைக்காம்பராவில் காலையில் கைப்பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டும்போதே நாகலெட்சுமி வந்து நிற்கிறாள். எட்டாம் நம்பர் அடி லயத்துக்காரி. கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்திலும் மகளை என் கையில் தந்துவிட்டு, "சிசிலி, ஒங்கக்கா பொஸ்தகம் வந்துருச்சா?" என்று கேட்காமல் போகமாட்டாள். இனிமேல் நான் என்ன சொல்ல? "இன்னும் புள்ளி வைத்து முடியவில்லை" என்றா?

ஜூன் மாதம் மழை இறங்கிவிடும். அந்த அம்மாவிடம் அடிமட்டம் இருக்கிறதென்று மழை காத்துக்கொண்டு நிற்காது. டைப் அடிக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு வந்து சேருங்கள்.

சிசிலி

*

யோர்க்‌ஷயர்
22 பெப்ரவரி 1987

அன்பு சிசிலி,

நீ போடாததையும் சேர்த்து நானே போடுகிறேன்: அன்பு, அன்பு.

உன் கடிதம் எனக்குச் சுட்டது. ஆனாலும் டைப் அடிக்கக் கொடுக்கமாட்டேன். இருநூறு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும், அவர்களிடம் வரிசையில் நிற்பவர்கள் பலபேர். என் முறை வரும்போது மே மாதம் ஆகிவிடும். இந்தப் பிடிவாதத்தைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

ஒரு நல்ல செய்தி. அந்தப் புரோகிராம் ஏன் பிழை செய்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்! அது ஆய்வேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போகும்போது, எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று தனியே குறித்து வைக்கிறது. ஆனால் பொருளடக்கம் முன்னாலேயே வந்துவிடுகிறதே, அப்போது அதன் கையில் இருப்பது போன தடவை எடுத்த குறிப்புத்தான். நேற்றுக் காலைப் பெரட்டில் பேர் கொடுத்தவர்களை வைத்து இன்றைக்கு வேலை பிரித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆகவே எதை மாற்றினாலும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். நான் ஒரு தடவை ஓட்டிவிட்டு, அழகாக இருக்கிறதே என்று அச்செடுத்துக்கொண்டு போய்விட்டேன். இதைக் கண்டுபிடித்தபோது கூடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பையன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அதோடு நன்றியுரை, உசாத்துணை நூல் பட்டியல் போன்ற நம்பர் இல்லாத பகுதிகளை அது பொருளடக்கத்தில் சேர்ப்பதே இல்லை. அவற்றைக் கையைப் பிடித்து நாம்தான் உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதையும் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது கஷ்டமான விஷயம். என் பேராசிரியர் ஓர் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுக்கமாட்டேன் என்கிறார். நான் அளந்த மண்ணும் தண்ணீரும் எட்டாம் நம்பர் மலைதான் ஆபத்து என்கின்றன. ஆனால் நீ பழைய ஆட்களிடம் கேட்டு அனுப்பிய சரிவு வரலாற்றில் நாற்பத்தேழு, ஐம்பத்தேழு, அறுபத்தொன்பது, மூன்று தடவையும் சரிந்தது ஐந்தாம் நம்பர் மலை. எட்டு அசையவே இல்லை. "உன் மலைகள் இரண்டும் பொய் சொல்கின்றனவா, அல்லது ஆட்களா?" என்று கேட்கிறார்.

சிசிலி, நீ சரியாகத்தானே கேட்டாய்?

டோரீன்

*

டன்கோர்ட் தோட்டம்
12 மார்ச் 1987

அக்காவுக்கு,

சரியாகத்தான் கேட்டேன். பிள்ளைக்காம்பரா வேலை முடிந்து, பனியில் லயம் லயமாக ஏறி இறங்கிக் கேட்டேன். மலையில் ஏதோ வேடிக்கை பார்த்துவிட்டு எழுதியதில்லை. வீரய்யா தாத்தா, பேச்சியம்மா பாட்டி, மேல் லயத்துக் காளியாயி, மூன்று பேரும் வயதாகி வேலையிலிருந்து என்றைக்கோ பேர் வெட்டி வீட்டில் இருப்பவர்கள், அவர்களை விட்டால் அந்தக் காலத்தைச் சொல்ல ஆள் கிடையாது. மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னது ஒரே பேச்சு: "அஞ்சாம் நம்பர்தான் ஆயி சரிஞ்சது." அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

உங்கள் பேராசிரியர் வேண்டுமானால் வரட்டும். நான் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன், பேச்சியம்மா பாட்டியைப் பார்த்து "பொய் சொல்கிறாயா" என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும். வெளக்குமாறு எங்கே இருக்கிறதென்று பாட்டிக்குத் தெரியும்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு ஆறவில்லை. கருவியை வைத்து அளந்தது நீங்கள், கேட்டு எழுதியது நான், அதனால் நான் எழுதியதுதான் பிழையாக இருக்க வேண்டும், அப்படித்தானே?

சிசிலி

*

யோர்க்‌ஷயர்
5 ஏப்ரல் 1987

அன்பு சிசிலி,

அப்படி இல்லை. அப்படி நினைத்திருந்தால் என்னை மன்னித்துவிடு. அப்படிக் கொஞ்சம் நினைத்தேன்தான், அதற்கும் மன்னித்துவிடு.

பொருளடக்கம் முடிந்துவிட்டது. சொன்னால் சிரிப்பாய், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. அத்தியாயத்தின் பெயர் தடித்த எழுத்தில் ஓரத்தில், உட்பிரிவு ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, பிறகு புள்ளிகள் போய்ப் போய் வலது பக்கத்தில் எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு எண்ணையும் நானே திருப்பிப் பார்த்தேன். எல்லாரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள்.

ஆனால் அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் "இரண்டு மலைகளையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். மண் ஒன்றைச் சொல்கிறது, ஆட்கள் ஒன்றைச் சொல்கிறார்கள், அதற்கு மேல் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்கிறார் பேராசிரியர். பட்டம் தருவார்கள். ஆனால் அந்த வரியைக் காட்டினால் பெரிய தொரை என்ன செய்வார்? கண்காணித்துக்கொண்டே இருப்பார். ஒரு லயத்தையும் மாற்றமாட்டார். நாகலெட்சுமியிடம் நான் எந்த முகத்தோடு வருவேன் என்று தெரியவில்லை.

முப்பதாம் தேதிக்கு முன்னால் ஒப்படைத்துவிடுவேன்.

டோரீன்

*

தந்தி
அக்கரப்பத்தனை, 18 ஏப்ரல் 1987

ஒப்படைக்க வேண்டாம். வரலாற்றில் ஐந்தும் எட்டும் இடம் மாறியுள்ளன. சரிந்தது இப்போதைய எட்டு. உறுதி. கடிதம் வருகிறது. சிசிலி.

*

டன்கோர்ட் தோட்டம்
18 ஏப்ரல் 1987, பெரிய சனி

அன்புள்ள அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். தபால் கந்தோரில் ஆங்கிலத்தில் எழுதித் தரச்சொல்லி, இரண்டு தடவை படித்துக்காட்டச் சொல்லித்தான் அனுப்பினேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

நேற்று பெரிய வெள்ளி. வழக்கம்போல் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு மலை ஏறினோம். கடைசி இடத்துக்கு எப்போதும் அந்தப் பழைய கல் சிலுவை நிற்கிற மேட்டுக்குத்தான் போவோம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அது ஏன் அங்கே நிற்கிறதென்று நானும் நீங்களும் ஒருநாளாவது கேட்டோமா? இந்த வருஷம் புதுச் சாமியார் வந்திருக்கிறார். அவர் கேட்டார். உபதேசியார் பத்திநாதன் உடனே சொன்னார்: "நாப்பத்தேழு பெருமழையில இந்த மலை வந்து ஒரு லயமே மண்ணுக்குள்ள போச்சுங்க சாமி. அவங்களுக்காக நட்டது." எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நானும் முழந்தாளிட்டேன். என் முகத்துக்கு நேரே இருந்த மலை நம்பர் கல்லில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதியிருந்தது, 8.

எனக்கு அருள்நிறைந்த மரியே பாதியில் நின்றுவிட்டது. இறங்கினேன், நேரே வீரய்யா தாத்தா வீடு. "தாத்தா, நாப்பத்தேழுல சரிஞ்சது எந்த மலை?" "அஞ்சாம் நம்பர்தான். எத்தன வாட்டி கேப்ப?" "கையக் காட்டுங்க." அவர் கையைக் காட்டியது சிலுவை மேட்டைப் பார்த்து.

வெள்ளைக்காரத் தொரைகள் காலத்தில் தேயிலைப் பெக்டரிப் பக்கமிருந்து மலைகளை எண்ணினார்களாம். எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு வந்தவர்கள் மேல் ரோட்டுப் பக்கமிருந்து எண்ணிக் கல்லில் எழுதிவிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு மலை. அந்தப் பக்கமிருந்து ஐந்து, இந்தப் பக்கமிருந்து எட்டு. நீங்கள் கொண்டுபோன வரைபடம் தோட்டத்துக் கந்தோர் வரைபடம், அதில் இருப்பது புது நம்பர். நான் கேட்ட மூன்று பேரும் அதற்கு முன்பே பேர் வெட்டியவர்கள், புது நம்பர் அவர்கள் காதுக்கே போனதில்லை. பொய் சொன்னது யாருமில்லை அக்கா. மண்ணும் சரி, ஆட்களும் சரி, இரண்டு பேரும் ஒரே மலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பேச்சியம்மா பாட்டியிடமும் காளியாயியிடமும் தனித்தனியாகக் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை நம்பரை நான் வாயால் சொல்லவே இல்லை.

இன்னும் சில நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி அடிக்க முடியுமா? முடியாதென்று மட்டும் எழுதாதீர்கள்.

தங்கச்சி,
சிசிலி

*

யோர்க்‌ஷயர்
29 ஏப்ரல் 1987

என் தங்கமே சிசிலி,

முடிந்துவிட்டது! இன்றைக்கு ஒப்படைத்தேன். சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

உன் தந்தி வந்த அன்று நான் சப்பாத்துக் கயிறுகூடக் கட்டாமல் பேராசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் தந்தியைப் படித்தார், என் அளவுகளைப் பார்த்தார், மறுபடி தந்தியைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் எல்லாம் பொருந்துகிறது" என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த நிமிஷமே முகம் வாடிப்போய், "ஆனால் நேரமில்லையே, இரண்டு அத்தியாயமும் இடம் மாறும், பக்கம் முழுக்க மாறும், யார் அடிப்பது?" என்றார்.

நான் அடித்தேன் சிசிலி! ஐந்தாம் நம்பருக்கு எழுதியிருந்த வரலாற்றைத் தூக்கி எட்டாம் நம்பருக்குள் வைத்தேன். எட்டின் வரலாற்றை ஐந்துக்குள் வைத்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது, அதனால் ஐந்தாம் நம்பரின் அத்தியாயம் சுருங்கியது, எட்டாம் நம்பரின் அத்தியாயம் வீங்கியது, நடுவில் இருந்த பக்கமெல்லாம் நகர்ந்தது. டைப் அடித்த ஆய்வேடாக இருந்தால் அந்த இடத்திலேயே நான் உட்கார்ந்து அழுதிருப்பேன். இந்தப் புரோகிராமை ஒரு தடவை ஓட்டினேன். இரண்டாம் தடவை ஓட்டினேன். எண்கள் எல்லாம் தாமாகவே எழுந்து புது இடத்தில் போய் நின்றன. நீ திட்டிய புள்ளிகளும் கூடவே போயின. மூன்று மாதமாக என் உயிரை வாங்கிய பொருளடக்கம் மத்தியானத் தேத்தண்ணிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

முடிவுரையை முழுக்கக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். "கண்காணிக்க வேண்டும்" என்பது போய்விட்டது. புது முடிவுக்குத் தனித் தலைப்பும் கொடுத்தேன், பொருளடக்கத்தில் வர வேண்டும் என்பதற்காகவே கொடுத்தேன். வேலையில் மூழ்கியிருக்கிற ஒரு மனிதர் இருநூறு பக்கம் படிக்கமாட்டார், அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அடிமட்டத்து அம்மா மூன்று இடத்தில் விரலை வைத்தார். மூன்றும் சரி.

சிலுவைப்பாதையில் பாதி ஜெபத்தை விட்டுவிட்டு யோசித்த உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. நன்றியுரையில் உன் பேர் முதலில் இருக்கிறது. அதையும் பொருளடக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

ஒரு பிரதியும், துறையின் சீல் வைத்த பேராசிரியரின் கடிதமும் விமானத் தபாலில் வருகின்றன. தலைவரையும் கூட்டிக்கொண்டு நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு.

அக்கா,
டோரீன்

*

டன்கோர்ட் தோட்டம்
27 மே 1987

அன்புள்ள அக்கா,

கொடுத்துவிட்டோம். தலைவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் கலியாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் நாகலெட்சுமியும் இன்னும் பத்துப் பேரும் கொழுந்துக் கூடையோடு பின்னால் வந்து, கந்தோர் வாசலில் நின்றுகொண்டார்கள்.

பெரிய தொரை புத்தகத்தின் பாரத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "இதைப் படிக்க எனக்கு நேரம் எங்கே?" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே முன்னால் இரண்டு மூன்று தாளைத் திருப்பினார். உங்கள் பொருளடக்கம் வந்தது. விரல் கீழே இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. "எட்டாம் நம்பர் மலை: மழைக்கு முன் காலி செய்ய வேண்டிய லயம்." விரல் அப்படியே புள்ளிகளின் மேல் நகர்ந்து போய் 143ஐத் தொட்டது. திருப்பினார். இருந்தது அக்கா! நேரே அந்தப் பக்கத்திலேயே இருந்தது. நின்ற நிலையிலேயே அதை முழுக்கப் படித்தார். மூன்று சரிவுகளின் வருஷமும் இருந்தது, நீங்கள் அளந்ததும் இருந்தது. பேராசிரியரின் சீலையும் தடவிப் பார்த்தார்.

"இந்த ஜூன் மழைக்கா?" என்று கேட்டார்.

"ஆமா தொரை. இந்த மழைக்குத்தான்" என்று தலைவர் சொன்னார்.

வேலைகளை மேற்பார்க்கிற பெரிய கண்டாக்கைக் கூப்பிட்டார். இப்போது பழைய ஸ்டோரில் தடுப்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் மண்டபத்தைச் சாமியார் தருகிறார். இந்தக் கிழமையே எட்டாம் நம்பர் அடி லயத்துக்காரர்கள் எல்லாரும் மாறுகிறார்கள். சட்டி பானை, கோழி, நாகலெட்சுமியின் தையல் மெசின், எல்லாம் ரோட்டில் வரிசையாகப் போகிறது. திருவிழா தோற்றது.

புள்ளி வைத்ததைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒன்று விடாமல் வாங்கிக்கொள்கிறேன்.

சிசிலி

*

யோர்க்‌ஷயர்
26 ஜூன் 1987

அன்பு சிசிலி,

இன்று வாய்மொழிப் பரீட்சை முடிந்தது. மூன்று பேர் இரண்டு மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்தார்கள். கடைசியில் எழுந்து நின்று கைகொடுத்து, "டொக்டர் மத்தியாஸ்" என்றார்கள். அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவிடம் சொல், அவர் பேரையும் சேர்த்து டொக்டர் ஆக்கிவிட்டேன் என்று.

அடுத்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன். இந்தத் தடவை நிச்சயம். அங்கே மழை எப்படி?

டோரீன்

*

டன்கோர்ட் தோட்டம்
11 ஜூலை 1987

அன்புள்ள டொக்டர் அக்கா,

மழை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மழை வந்தது.

ஒரு கிழமையாக நிற்கவில்லை. ஆட்களுக்கு முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது, ஸ்டோரில் புகை போக வழியில்லை, பிள்ளைகளுக்கு இருமல், நல்ல காம்பராவை விட்டுவிட்டு இங்கே வந்து முடங்கினோமே என்று. நேற்றுக் காலையில் அந்த அடி லயத்து அழகன் என் காதுபடவே சொன்னான்: "சிசிலியோட அக்கா படிச்சி பட்டம் வாங்க நாம பொட்டி கட்டுனோம்." நான் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் சத்தம் கேட்டது. இடி என்றுதான் நினைத்தேன், ஆனால் இடி நிற்குமே, இது நிற்காமல் வந்தது. தொட்டில் கயிறெல்லாம் ஆடியது. எல்லாரும் வெளியே ஓடினோம். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனி விலகியது. எட்டாம் நம்பர் மலையில் தேயிலை இருந்த இடம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. அடியில் லயம் இல்லை. கூரைத் தகரம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

வேறு மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். நாகலெட்சுமி அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி என்னிடம் வந்து, மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியாத ஒரு சத்தம் போட்டாள். அழகன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரிய தொரை ஜீப்பில் வந்து இறங்கியதும் பதறிப்போய் முதலில் கேட்டது, "உள்ளே எத்தனை பேர்?"

பெரிய கண்டாக்கு ஆட்கள் பேர் எழுதிய செக்ரோலை எடுக்கப் போனார். அதற்குள் நாகலெட்சுமி சொல்லிவிட்டாள்.

"யாருமில்ல தொரை. நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."

சிசிலி